சுங்கக் கரையில் யாரும் அழுவதில்லை

சுங்கக் கரையில் கடைசியாக நடந்த சண்டை ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்காக. கானாப் போட்டியின் அரையிறுதி அன்று முன்வரிசையில் யார் உட்காருவது என்று இரண்டு குப்பத்துப் பையன்களுக்குள் ஆரம்பித்த வாய்ச்சண்டை, மேடையில் பாட்டு முடிவதற்குள் கத்திக்குத்தாகிவிட்டது. குத்துப்பட்டவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்தக் கரையில் எந்த நிகழ்ச்சிக்கும் அனுமதி கிடையாது என்று போலீஸ் சொல்லிவிட்டது.

ரெஜினாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. 'கரைமேடை' அமைப்பில் அவள்தான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். ராயபுரத்தில் மீனவர் வீட்டில் பிறந்தவள், சமூகப்பணி படித்தவள். துறைமுகம் வடக்கே போன பிறகு, பழைய சுங்கக் கிடங்குகளுக்கு எதிரே கைவிடப்பட்டுக் கிடந்த நீண்ட கரையை மறுபடியும் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்த அமைப்பு அது. லாப நோக்கம் எதுவும் இல்லை. குப்பையை வாரினார்கள். கடலுக்குள் இறங்கும் கருங்கல் படிகளில் பாசியைச் சுரண்டினார்கள். ஒரு கிடங்கு நூலகமாயிற்று, இன்னொன்றில் கேரம் போர்டுகளும் குத்துச்சண்டை வளையமும் வந்தன. படிகளுக்கு மேலே திறந்தவெளி மேடை. எல்லாம் இருந்தும் இருட்டத் தொடங்கியதும் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் குடிப்பவர்களும் அடித்துக்கொள்பவர்களும்தான்.

நாற்காலிச் சண்டைக்குப் பிறகு, அமைப்பின் நிறுவனர் ஸ்ரீவத்சன் ஒரு யோசனையோடு வந்தார். காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரிடமும் குரலை உயர்த்தியறியாதவர். அவர் சொன்னபடி கரை நெடுகப் பச்சை வர்ணம் பூசிய இரும்புத் தூண்கள் நடப்பட்டன. ஒலி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் பைசல்தான் அவற்றுக்கெல்லாம் கம்பி இழுத்தான்.

"இதுக்குள்ள ஸ்பீக்கரா சார் இருக்கு?" என்று கேட்டாள் ரெஜினா.

"ஆமா. ஆனா அதுல வர்ற சத்தம் காதுக்குக் கேக்காது. நெஞ்சுக்கூட்டுக்குத்தான் கேக்கும்."

"அது எதுக்கு?"

"சண்டை எதனால வருதுன்னு நினைக்கறே? கோபத்தாலன்னு எல்லாரும் சொல்லுவா. எனக்கென்னவோ பயத்தாலன்னுதான் தோணும். அவன் அடிச்சுடுவானோன்னு இவனுக்குப் பயம். இவன் முந்திப்பானோன்னு அவனுக்குப் பயம். நம்ம மூளையில இதுக்குன்னே ஒரு மூலை இருக்கு. ஆபத்து, ஆபத்துன்னு கத்திண்டே இருக்கும். இந்த அதிர்வு அதைக் கொஞ்சம் அடக்கி வைக்கும்."

"பயமே இல்லாம போயிடுமா சார்?"

"போகாது. குறையும்."

"ஜனங்ககிட்ட சொல்லிட்டுதானே செய்யப் போறோம்?"

"போர்டு வைக்கறோம்மா. மறைக்க என்ன இருக்கு?"

போர்டு வைத்தார்கள். 'மன அமைதிக்கான ஒலி வளையம்' என்று அழகான எழுத்துகளில் இருந்தது. ஏதோ விளம்பரம் என்று ஜனங்கள் அதைத் தாண்டிப் போனார்கள். துறைமுகச் சாலையிலிருந்து கரைக்கு நுழையும் இடத்தில் ஒரு சிமெண்ட் வளைவு உண்டு. தூண்களின் வீச்சு அந்த வளைவு வரைதான் என்றான் பைசல்.

அதற்குப் பிறகு நடந்ததை ரெஜினாவே எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்குள் கரை நிரம்பியது. குத்தியவனும் குத்துப்பட்டவனும் ஒரே அணியில் கேரம் ஆடினார்கள். எட்டு மணிக்கு மேல் பெண்கள் தனியாக வந்து படிகளில் உட்கார்ந்து பேசினார்கள். மேடைப் பக்கமே வராத பெண் பிள்ளைகள் மைக்கைப் பிடித்துப் பாடினார்கள். வேறு ஊர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, இதே மாதிரி எங்கள் ஊரிலும் செய்ய வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

தாமு ஒருவன்தான் முகம் சுளித்தான். சாவு வீடுகளில் கானா பாடுகிறவன். அவன் பாடினால் பாடையைச் சுற்றி நிற்கிற ஆண்கள்கூட விம்மிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை கரையில் பாடி முடித்துவிட்டு ரெஜினாவிடம் வந்தான்.

"யக்கா, இனிமே என்னியக் கூப்டாத."

"ஏன் தாமு? எவ்வளவு பேர் கைதட்டினாங்க!"

"அதான் சொல்றேன். ஆத்தா செத்த பாட்டு பாட்னேன். கைதட்டிக்கினு, சிர்ச்சிக்கினு கீறாங்க. ஒர்த்தன் கண்ணுல தண்ணி இல்ல. அவனுங்கள வுடு. பாடறப்ப எனக்கே ஒண்ணும் வர்ல. எங்கம்மா மூஞ்சி கூட நெனப்புக்கு வர்ல. சொம்மா வாய் மட்டும் அசையுது."

அவன் போய்விட்டான். ரெஜினா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே எதையுமே பெரிதாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

பங்குனியில் ஒரு மாலை நிழற்பாவைக் கூத்து ஏற்பாடாகியிருந்தது. படிகள் முழுக்கக் கூட்டம். ரெஜினா மேடையோரம் நின்றிருந்தாள். மீன் வறுத்து விற்கும் கோமளாவின் மகள் மோனிஷா, ரோஸ் கவுன் போட்ட ஆறு வயதுப் பெண், கடைசிப் படியில் நின்று அலையைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த அலைக்கு இன்னும் ஒரு படி இறங்கினாள். அங்கே பாசி. கால் வழுக்கியது.

ரெஜினா அதைப் பார்த்தாள். படிகளில் இருந்த எத்தனையோ பேர் பார்த்தார்கள். கோமளாவும் கரண்டியும் கையுமாகப் பார்த்தாள். ரோஸ் கவுன் தண்ணீரில் குடை மாதிரி விரிந்தது. கவுன் நனைந்துவிடுமே என்றுதான் ரெஜினாவுக்குத் தோன்றியது. பிள்ளை எழுந்து வந்துவிடும் என்றும் தோன்றியது. யாரும் கத்தவில்லை. யாரும் குதிக்கவில்லை. கூத்து நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நீச்சல் தெரிந்த ஒருவன் சட்டையைக் கழற்றி ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு இறங்கிப் பிள்ளையைத் தூக்கி வந்தான். மூச்சு இல்லை.

கோமளா மகளை மடியில் போட்டுக்கொண்டாள். முந்தானையால் தலையைத் துவட்டினாள். "ஜில்லுனு கீது," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். அவளும், "ஆமா, தண்ணில இருந்துச்சுல்ல," என்றாள்.

ஆம்புலன்ஸ் துறைமுகச் சாலையில்தான் நிற்க முடியும். கோமளாவே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். ரெஜினா கூட நடந்தாள். வளைவைத் தாண்டி நான்கடி போயிருப்பார்கள். கோமளா நின்றாள். தோளில் இருந்ததைக் கீழே இறக்கி முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில், சாலையில் போய்க்கொண்டிருந்த ஆட்டோக்கள் நின்றன. ரெஜினா ஓடிப்போய்ச் சாலையோரத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நான் பார்த்தேனே, நான் பார்த்துக்கொண்டே நின்றேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்த மறுநாளே கோமளா கரைக்குத் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் வீட்டுக்குப் போகவில்லை.

"இன்னாக்கா பண்ணச் சொல்ற?" என்றாள் ரெஜினாவிடம், மீன் துண்டுகளில் மசாலா தடவிக்கொண்டே. "அந்தாண்ட போனா கொழந்த செத்துப் போவுது. ஒவ்வொரு வாட்டியும் புச்சா செத்துப் போவுது. இந்தாண்ட வந்தா ஒண்ணுமில்ல. நீயே சொல்லு, நா எங்க இருக்கணும்?"

அவள் கணவன் டில்லி ஆழ்கடலுக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பியவன், வளைவுக்கு வெளியே நின்றபடியே அவளைக் கூப்பிட்டான். அவள் வரவில்லை. உள்ளே போய்ப் பேசும்படி ரெஜினா அவனிடம் சொன்னாள்.

"நா வர்ல மேடம்," என்றான் அவன். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "எம் பொண்ணுக்கு நான் அழணும். அத்தயும் புடுங்கிக்காதீங்க."

கோமளா மட்டும் என்றில்லை. கரையில் துக்கம் தெரியாது என்று எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள். மருத்துவர் கைவிரித்த நோயாளிகள் வந்தார்கள். புருஷனுக்குப் பயந்தவர்கள், காணாமல் போன மகளைத் தேடிக் களைத்தவர்கள் எல்லாரும் பாயும் தலையணையுமாக வந்து கிடங்குகளில் படுத்தார்கள். யாரும் திரும்பிப் போகவில்லை. ராத்திரி பகலாகப் பாட்டும் கூத்தும் நடந்தன. சுங்கக் கரை இருபத்துநான்கு மணி நேரமும் உயிரோடு இருக்கிறது என்று ஒரு பத்திரிகை பாராட்டி எழுதியது.

ரெஜினா வீட்டில் இருக்கும்போது தூங்கமாட்டாள். தூண்களை நிறுத்தச் சொல்லியே ஆகவேண்டும் என்று முடிவெடுப்பாள். காலையில் வளைவைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்த முடிவு, அப்புறம் பார்க்கலாம் என்கிற மாதிரி சின்னதாகிவிடும். கடைசியில் ஒருநாள் ஸ்ரீவத்சனைச் சாலைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு வரச் சொன்னாள். அவர் வந்தார். வளைவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"நிறுத்துங்க சார்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார். "அங்க இப்போ எண்ணூறு பேருக்கு மேல இருக்கா. ஒவ்வொருத்தரும் மாசக்கணக்கா அழாம சேர்த்து வச்சது ஒரே நேரத்துல அவா தலையில விழும். பத்தடியில கடல். எத்தனை பேர் இறங்குவா சொல்லு."

"கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாமே."

"குறைக்கலாம்." அவர் டீயைக் குடிக்காமல் கண்ணாடித் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "குறைக்கணும்னு நானும் இங்க வந்தா நினைக்கறேன். என் ஆபீஸ் மேஜையை ஏன் நூலகத்துக்கு மாத்தினேன்னு நீ கேக்கவே இல்லையே ரெஜினா. என் ஆத்துக்காரி சாரதா செத்துப் போனது ஆடி மாசம். அன்னிலேர்ந்து நானும் வீட்டுக்குப் போகலை."

சாலையைத் தாண்டி அவசரமாக வளைவுக்குள் நுழைந்த அவருடைய நடை, தண்ணீரில் மூழ்கியவன் மூச்சு வாங்க மேலே வருவதைப் போல் இருந்தது.

கார்த்திகையில் புயல் வந்தது. பிற்பகலில் கரையைத் தொடும் என்றும், வடசென்னையில் கடல் உள்ளே ஏறும் என்றும் காலையிலிருந்து டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குப்பங்கள் எல்லாம் காலியாகிவிட்டன. சுங்கக் கரைக்கு இரண்டு வண்டி போலீஸ் போனது. மேட்டுத் தெருவில் இருந்த ரெஜினா வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் வளைவு தெரியும். போனவர்கள் திரும்பி வரவேயில்லை.

தாம்பரத்திலிருந்து தங்கை மார்த்தா போன் செய்தாள். "அக்கா, நீ கிளம்பி இங்க வந்துடு."

"நான் கரைக்குப் போறேன் மார்த்தா. அவங்க யாரும் வெளிய வரமாட்டாங்க. தூணை நிறுத்தினாதான் பயம் வரும். ஓடுவாங்க."

"உள்ள போனா நீயும் உக்காந்துடுவியே!"

"அதுக்குத்தான் உன் உதவி வேணும். போனை வைக்காத. காதுல மாட்டிக்கிட்டே போறேன். பைசல்கிட்ட போயி தூணை நிறுத்து, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வா, இதை மட்டும் சொல்லிக்கிட்டே இரு. நான் மெதுவா பேச ஆரம்பிச்சேன்னா கத்து."

மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தாள். வளைவு வரை அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது அவளுக்கே கேட்டது. உள்ளே கால் வைத்ததும் அடங்கிவிட்டது. காற்று இதமாக இருந்தது. கடைசிப் படிகள் ஏற்கெனவே தண்ணீருக்கடியில் போயிருந்தன. மேல் படிகளில் ஜனங்கள் மழையில் நனைந்தபடி உட்கார்ந்து அலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோமளா கொடுத்த வறுத்த மீனைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அலை ரொம்ப அழகா இருக்கு மார்த்தா."

"அக்கா! நடக்கா! பைசல் எங்க?" காதுக்குள் மார்த்தா அலறினாள்.

சொல்லிவிட்ட வேலையைச் செய்து முடிப்பவளைப் போல ரெஜினா நடந்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பைசல் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பைசல், தூணையெல்லாம் நிறுத்து."

"நிறுத்தறதுக்கு என்னா இருக்குக்கா?" என்றான் அவன். "தீபாவளிக்கு முன்னாடியே உப்பு புடிச்சு மெயின் கேபிள் போயிடுச்சு. தூணுக்குக் கரண்ட்டே இல்ல."

ரெஜினா அவனையே பார்த்தாள். "அப்ப இவங்க?"

"நானும் பாத்தேன்க்கா. இன்னிக்கு ஓடுவாங்க, நாளைக்கு ஓடுவாங்கன்னு நின்னு பாத்தேன். யாருமே அசையல. மூளை பழகிடுச்சுபோல. பயப்படாம இருக்கக் கத்துக்கிச்சு. இந்த எடத்துக்குள்ள வந்தா பயம் கெடையாதுன்னு அதுவா முடிவு பண்ணிக்குது. புச்சா வர்றவங்களுக்குக்கூட, சுத்தி இருக்கறவங்க மூஞ்சியப் பாத்தாலே போதும். உனக்கும் அப்டித்தான்க்கா. எனக்கும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லணும்னு நெனைச்சேன். அவசரம்னு தோணல."

மார்த்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, அப்ப என்ன பண்ணுவ? நிறுத்த ஒண்ணுமே இல்லியே!" அவள் அழுதாள். அந்த அழுகையை ரெஜினா அக்கறையோடு கேட்டாள். ஏன் அழுகிறாள் என்பது தெரிந்தது, ஆனால் உறைக்கவில்லை. உறைக்காததால் தெளிவாக யோசிக்க முடிந்தது. இவர்கள் வெளியே வராதது எதனால்? வெளியே போனால் துக்கம் திரும்பி வரும் என்பதனால். அது வராது என்று சொல்லிவிட்டால்? யோசித்ததை மார்த்தாவிடம் சொன்னாள்.

"உண்மையாவே வராதாக்கா?" என்றாள் மார்த்தா.

"தெரியாது. ஆனா எழுந்திருப்பாங்க."

ஜெனரேட்டரில் மைக் வேலை செய்தது. ரெஜினா மேடையேறினாள். அலைகள் மேல் படிகளை நெருங்கிக்கொண்டிருந்தன.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "தூண்ல ஒண்ணும் இல்ல. அது செத்து ஒரு மாசமாச்சு. இவ்வளவு நாளா நீங்க நிம்மதியா இருந்தீங்களே, அது மெஷின் குடுத்தது இல்ல. உங்களுக்குள்ளயே இருக்கு. இந்தக் கரையை விட்டு எங்க போனாலும் உங்ககூடவே வரும். வீட்டுக்குப் போகலாம். வாங்க."

முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு கோமளா அடுப்பை அணைத்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு வளைவை நோக்கி நடந்தாள். அவள் என்ன ஆகிறாள் என்று பார்ப்பதற்காகச் சிலர் எழுந்தார்கள். அவர்கள் எழுந்ததால் மற்றவர்கள் எழுந்தார்கள்.

வளைவுக்கு அப்பால், அன்றைக்கு நின்று அலறிய அதே இடத்தில் கோமளா நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். மழை அவள் முகத்தில் அடித்தது. ரெஜினா பக்கத்தில் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கோமளா கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணும் ஆவலக்கா," என்றாள். சிரித்தாள்.

அவ்வளவுதான். எண்ணூறு பேரும் வரிசை கட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். நோயாளிகளைப் பாயோடு தூக்கி வந்தார்கள். போலீஸ்காரர்கள் வந்தார்கள். கடைசியாகப் பைசல் வந்தான். அவர்கள் எல்லாரும் சாலையோரத்து மேட்டில் ஏறி நின்ற கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கடல் படிகளைத் தாண்டி எழும்பியது. மேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே போனது. கிடங்குகளின் கதவுகளை உடைத்துக்கொண்டு தண்ணீர் புகுந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டோம் மார்த்தா. ஒருத்தர்கூட மிச்சமில்ல."

"மாதாவே!" மார்த்தா விம்மினாள்.

ஸ்ரீவத்சன் ரெஜினாவின் அருகில் வந்து நின்றார். வளைவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதிரே டீக்கடை இருந்த திசையைப் பார்த்து, மார்பைத் தொட்டுக்கொண்டார். "சாரதா முகத்தை நினைச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே பண்ணலை," என்றார் ஆச்சரியத்தோடு. "அப்படின்னா இனிமே தூணே வேண்டாம் ரெஜினா. ஜனங்களே போதும். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தருக்கு இந்த அமைதி வந்துடும். ஊர் முழுக்க."

அவர் சொன்னதில் ஏதோ ஒன்று சரியில்லை என்று ரெஜினாவுக்குத் தெரிந்தது. அது என்ன என்று தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"நா ஊட்டுக்குப் போறேன்க்கா," என்றாள் கோமளா. "அவுரு தனியா கீறாரு. சோறு தின்னாரோ இன்னாவோ."

அவள் வீடு துறைமுகச் சாலைக்கு அந்தப் பக்கம். புயல் முற்றுவதற்குள் போய்விட வேண்டும் என்று வடக்கேயிருந்து கண்டெய்னர் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வந்துகொண்டிருந்தன. கோமளா இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. மேட்டிலிருந்து சாலைக்குள் இறங்கி, வீட்டுக்குள்ளே நடப்பவளைப் போல நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் இறங்கினார்கள். தாய்மார்கள், நோயாளிகளைத் தூக்கி வந்தவர்கள், போலீஸ்காரர்கள், ஸ்ரீவத்சன்.

ஹாரன் நீளமாக அலறியது.

"அக்கா, அது என்னா சத்தம்? லாரியா?"

"ஆமா. வருது."

"ரோட்ல ஆளுங்க இருக்காங்களா? அக்கா! கத்துக்கா! ஓடச் சொல்லுக்கா!"

ரெஜினா வாயைத் திறந்தாள். என்னவென்று கத்துவது என்று யோசித்தாள். மழைக்கு நடுவே, பாதிச் சாலையைக் கடந்திருந்த கோமளாவின் முகம் லாரி வெளிச்சத்தில் தெரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு புருஷனைப் பார்க்கப் போகிற சந்தோஷம் அதில் இருந்தது.

"பதறாத மார்த்தா," என்றாள் ரெஜினா. "எல்லாரும் வீட்டுக்குப் போறாங்க."

சொல்லிவிட்டு அவளும் இறங்கினாள்.